கொட்டையைக் குறையுங்கள், தீயைக் கூட்டாதீர்கள்

நீலகிரியின் கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் தை, மாசியில் பல வீட்டு வாசல்களில் காபிப் பழம் காயும். பெரும்பாலும் ரொபஸ்டா என்ற காபி வகைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டிலும் அதுவே. வயநாட்டு ரொபஸ்டாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை இருந்தும், காய்ந்ததை மூட்டையோடு விற்றுவிட்டுக் கடைத்தூள் வாங்கும் வீடுகள் உண்டு. எனக்கு இது பெரிய வருத்தம். வறுக்க நேரமில்லை என்பார்கள். 200 கிராம் வறுக்கக் கால் மணி நேரம் போதும்.

காய்ந்த பழத்தின் தோலை நீக்கி எடுத்த, வறுக்காத பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். முதல் சில நிமிடங்கள் அடுப்புச் சூடெல்லாம் அதை விரட்டவே செலவாகும். ஆடி மழையில் மூட்டை ஈரம் இழுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நேரமாகும். பச்சை நிறம் வெளிறி மஞ்சளாகி, வைக்கோல் வாசம் வரும்.

ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. கொட்டையிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும், நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. இதற்கு மெயிலார்ட் வினை என்று பெயர். உள்ளே நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அழுத்தம் ஏறி, 200 டிகிரியை ஒட்டிக் கொட்டை 'பட்'டென்று வெடித்து உப்பும். இதுதான் முதல் வெடிப்பு. 225 டிகிரிப் பக்கம் மெல்லிய சடசடப்போடு இரண்டாவது வெடிப்பு வரும்; எண்ணெயும் மேலே கசியத் தொடங்கும். பால் சேர்த்துக் குடிக்கும் ஃபில்டர் காபிக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இறக்குவதே சரி. ரொபஸ்டாவில் குளோரோஜெனிக் அமிலம் அதிகம். அது சிதைந்துதான் காபியின் கசப்பில் பெரும்பங்கு வருகிறது. கருக விட்டால் அந்தக் கசப்பு முரடாகிவிடும். காஃபீனோ வறுப்பதால் பெரிதாக மாறுவதில்லை. கருப்பாக வறுத்தால் வீரியம் கூடும் என்பது தவறான நம்பிக்கை.

அவசரத்தில் தீயைக் கூட்டினால் என்ன ஆகும்? இரும்புச் சட்டியைத் தொடும் இடத்தில் சூடு உடனே ஏறும். கொட்டையின் நடுப்பகுதிக்கு அது மெதுவாகத்தான் போய்ச் சேரும். மேலே கரும்புள்ளி விழுந்திருக்கும், உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருக்கும். அந்தக் காபியில் கருகலும் பச்சை வாடையும் ஒன்றாக வரும். நேரம் குறைவா? 100 கிராமை மட்டும் போட்டு, கை ஓயாமல் கிளறுங்கள்.

கலவையிலும் இதே கதைதான். சேர்வராயன் மலையில் விளையும் அரபிகா என்ற இன்னொரு வகையையும் நம்மூர் ரொபஸ்டாவையும் ஒரே சட்டியில் போடாதீர்கள். அளவு, அடர்த்தி, சர்க்கரை எல்லாம் வேறு என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் பக்குவத்துக்கு வராது. ஒரு மாலை இது, மறு மாலை அது என்று வறுத்துப் பிறகு கலந்தால், வேலைக்குப் போகிறவர்களுக்கும் தோதாக இருக்கும். அரபிகா 2 பங்கு, ரொபஸ்டா 1 பங்கு எனக்குப் பிடித்த கணக்கு. ரொபஸ்டாவில் காஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டிகாக்‌ஷனுக்குக் கனமும் அதுதான் தரும். வறுக்கும்போது எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும் என்பதால், வறுத்த பிறகே எடைபோட்டுக் கலக்க வேண்டும்.

இறக்கியதும் சட்டியிலேயே விட்டுவிடக் கூடாது. தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். முறத்தில் கொட்டிப் புடைத்தால் சூடும் தணியும், உதிர்ந்த சவ்வுத் தோலும் பறக்கும்.

அப்புறம், உடனே அரைக்காதீர்கள். கொட்டைக்குள் தங்கிய கார்பன் டை ஆக்சைடு சில நாட்கள் வரை வெளியேறிக்கொண்டே இருக்கும். அது நிறைய இருக்கும்போது வெந்நீர் ஊற்றினால் தூள் பொங்கி, நீரை உள்ளே விடாது, டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். சனிக்கிழமை வறுத்தால் திங்கட்கிழமை காலை அரைக்கலாம். சிக்கரி வேண்டுமென்றால், அது ஒரு செடியின் வேர், காஃபீன் கிடையாது. அரைத்த தூளில் ஒரு கரண்டி சேர்த்தால் போதும்.