ஜாக்கி போட்டுத் தூக்க முடிகிற ஊர்

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் நார்த்விச் என்று ஒரு சின்னச் சந்தை ஊர். கடைத்தெருவில் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கிற கட்டடங்களைப் பார்த்தால் ஐந்நூறு வருஷப் பழசு என்று தோன்றும். ஆனால் பலவும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் எழுந்தவை. தரை உள்வாங்கினால் கட்டடத்தை அப்படியே ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டுமே, அதற்குத்தான் மரச்சட்டம். செங்கல் சுவர் என்றால் விரிசல் விட்டுவிடும்.

தரை ஏன் உள்வாங்குகிறது? அடியில் இருப்பது 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறை உப்பு. ரோமானியர்களே இங்கே உப்புநீர் காய்ச்சியிருக்கிறார்கள். 1670இல் பாறை உப்பு கண்ணில் பட்டதும் சுரங்கங்கள் வந்தன.

ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும். அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூடக் கரையாது. ஆகவே பாறைமேல் தேங்கிக் கிடக்கும் உப்புநீர் பரம சாது. அதை பம்பு வைத்து இறைத்தால்தான் வினை. இறைத்த இடத்துக்கு நல்ல தண்ணீர் பசியோடு ஓடிவரும், வருகிற வழியெல்லாம் உப்பைத் தின்னும். கைவிட்ட சுரங்கங்களுக்குள் புகுந்தால், கூரையைத் தாங்கும் உப்புத் தூண்களையும் விடாது. 1880 டிசம்பரில் ஊரருகே நிலம் பெரிய அளவில் சரிந்து, ஓடைத் தண்ணீர் பள்ளத்துக்குள் பாய்ந்தது.

பம்பு ஓரிடத்தில், வீடு சாய்வது எங்கோ தள்ளி. யார் இறைத்ததால் யார் வீடு போயிற்று என்று கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? உப்பு முதலாளிகளுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. அப்புறம் 1891இல் வந்த சட்டம், இறைக்கிறவர்கள் எல்லோரிடமும் பொதுவாக வசூலித்து இழப்பீடு கொடுக்க வழி செய்தது.

வீவர் ஆற்றின் மேல் 1899இல் கட்டிய டவுன் பாலத்திலும் இதே கவலை தெரியும். கப்பலுக்கு வழிவிட மின்சாரத்தால் திரும்பும் பாலம் அது. எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரில் மிதக்கும் தொட்டி தாங்கிக்கொள்கிறது; தரையை நம்பவில்லை.

2000களில் ஊருக்கடியில் இருந்த நான்கு பழைய சுரங்கங்களைக் குழம்பு ஊற்றி நிரப்பினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல், சிமென்ட், கூடவே உப்பு. உப்பு எதற்கு? நல்ல தண்ணீரில் குழைத்து ஊற்றினால், மிச்சமிருக்கும் தூண்களை அதுவே கரைத்துவிடும்.