நோயாளியைப் பார்க்கிறோம், பார்த்துக்கொள்பவரை?

நோயுற்ற மனைவியைக் கொன்றுவிட்டு முதியவர் தானும் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று செய்தி வந்தால், "பாவம், அந்த அம்மா படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது" என்று பேசிக்கொள்கிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 1990களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இத்தகைய மரணங்களை ஆராய்ந்த டோனா கோஹென், செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்றும், பலருக்குக் கண்டுபிடிக்கப்படாத மனச்சோர்வு இருந்தது என்றும் கண்டார். இருவரும் பேசி எடுத்த முடிவு என்பது அரிது. எண்ணமும் ஒரே நாளில் வருவதில்லை, மாதக்கணக்கில் உள்ளே ஊறுகிறது. குறுக்கிட முடிகிற காலமும் அதுவே.

முதுமை மறதி நோயுள்ளவர் இரவில் மூன்று முறை எழுந்தால், பார்த்துக்கொள்பவரும் எழ வேண்டும். தூக்கம் துண்டுதுண்டாகிறது, வெளியே போவது நிற்கிறது, காப்பிக்கடை நண்பர்கள் விலகுகிறார்கள். இதன்மேல் மனச்சோர்வு வந்து ஏறும்போது சிந்தனை குறுகிவிடுகிறது. பகல்நேரப் பராமரிப்பு நிலையம், பணிப்பெண், பிள்ளைகள் என்று வழிகள் இருந்தாலும், எதுவும் தனக்கு உதவாது என்றே தோன்றும். "எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள்?" என்ற கவலை, "இவளை விட்டுப் போகக் கூடாது" என்று திரும்பும் இடம்தான் ஆபத்தானது. தாதிமை இல்லத்தில் சேர்க்கும் பேச்சு எழுவதும், கணவருக்கே ஒரு நோய் தெரியவருவதும் அந்தத் திருப்பத்தை விரைவுபடுத்தலாம். இதற்கு அன்பு என்று பெயர் வைப்பது, கேட்கப்படாமலேயே உயிரிழந்த மனைவிக்குச் செய்யும் அநீதி.

முதியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது குறைவு. முதுகுவலி, பசியின்மை, விடியற்காலை விழிப்பு, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்றுதான் மனச்சோர்வு வெளிப்படும். பலதுறை மருந்தகத்தில் மனைவியின் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எழுதப்படும். சக்கர நாற்காலியைப் பிடித்து நிற்கும் கணவரின் பெயரில் அன்று முன்பதிவே இருக்காது.

அவரிடம் கேட்க இரண்டு கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தாரா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்தாரா? ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'ஏறக்குறைய தினமும்' என்றால் 3, இடைப்பட்ட பதில்களுக்கு 1 அல்லது 2. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கேட்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மனைவியின் முன்னால் "நல்லா இருக்கீங்களாப்பா?" என்றால் "எனக்கென்ன" என்பதே பதில். கீழ்த்தளத்துக்குத் தனியே அழைத்துப் போய், "ரெண்டு பேருமே இல்லாமப் போயிட்டா நல்லதுன்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. "தோணுது" என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல், எப்போது, எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். யோசித்திருந்தால் இருவரையும் தனியே விடக் கூடாது. மனைவிக்கும் அதே அளவு ஆபத்து உண்டு. உடனடி ஆபத்து என்றால், சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995 அல்லது போலீசுக்கு 999.

மனச்சோர்வுக்கு முதுமையிலும் சிகிச்சை பலன் தரும். மாத்திரை வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். பத்தாம் நாளே "ஒன்றும் பலனில்லை" என்று நிறுத்துவது வழக்கமான தவறு. சில மாத்திரைகள் முதியவர்களின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் என்பதால், தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் ரத்தப் பரிசோதனை தேவை. மாத்திரை மட்டும் போதாது, பாரமும் இறங்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மனைவி பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போனால், கணவருக்கு அந்த இரண்டு பகலாவது தூங்கக் கிடைக்கும். இடம் தேட ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 எண்ணில் அழைக்கலாம்.

வெளியே சொன்னால் போலீஸ் வழக்காகிவிடும் என்று இன்னும் பயப்படுகிறவர்கள் உண்டு. சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமல்ல. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771 இரண்டிலும் 24 மணி நேரமும் பேசலாம்.