டிராக்டர் புல்லிங்: தமிழில் 'ஏறுபார இழுப்பு'

டிராக்டரைக் கொண்டு பாரம் இழுக்கும் போட்டிக்கு ஆங்கிலத்தில் 'டிராக்டர் புல்லிங்' என்று பெயர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இழுப்பான் இழுப்பு' என்று வந்து நிற்கும். டிராக்டர் என்ற சொல்லின் பொருளே 'இழுப்பது' என்பதுதான். லத்தீனில் 'டிராஹெரே' என்றால் இழுத்தல். அதிலிருந்து வந்த பெயர் டிராக்டர். ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்டு வரும் பெட்டிகளான டிரெயினுக்கும் அதே வேர். மீன்பிடிக்கும் டிராலரையும் அந்தக் குடும்பத்தில் சேர்ப்பார்கள். நம் கடற்கரையில் அந்த வலைக்கு 'இழுவைமடி' என்று பெயர். நிலத்தில் ஓடுவதற்கும் கடலில் ஓடுவதற்கும் தமிழும் லத்தீனும் ஒரே வினையைத் தேடிப் போயிருக்கின்றன.

இந்தச் சொல் வயலுக்கு வரும் முன்பே மருத்துவத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த எலிஷா பெர்கின்ஸ் என்ற வைத்தியர் இரண்டு சின்ன உலோகக் குச்சிகளுக்கு 'டிராக்டர்' என்று பெயரிட்டு 1796-இல் காப்புரிமை வாங்கினார். உடம்பில் வைத்துத் தேய்த்தால் வலியை இழுத்துவிடும் என்பது அவர் வாதம். 1799-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் உலோகம்போல் வண்ணம் பூசிய மரக்குச்சிகளைத் தேய்த்துப் பார்த்தார். நோயாளிகள் அதற்கும் குணமானதாகவே சொன்னார்கள்!

பண்ணை இயந்திரத்துக்கு இந்தப் பெயரைப் பரப்பியது அயோவா மாநிலம் சார்லஸ் சிட்டியிலிருந்த ஹார்ட்-பார் நிறுவனம். 'கேசலின் டிராக்‌ஷன் எஞ்சின்' என்று நீட்டி முழக்க வேண்டியிருந்ததை, 1906-07 வாக்கில் தன் விளம்பரங்களில் 'டிராக்டர்' என்று சுருக்கியது.

தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் டிராக்டர்தான். அகராதிகளில் 'இழுவை இயந்திரம்' கிடக்கிறது. இலங்கையில் 'உழவு இயந்திரம்' என்பது ஏட்டிலும் பேச்சிலும் ஒன்றுபோல் வாழ்கிறது. என் ஓட்டு அதற்கே. எந்த விசையால் ஓடுகிறது என்று பார்க்காமல், எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்து வைத்த பெயர் அது. இன்னும் சுருக்குகிறேன் என்று 'உழுவை' என வைத்துவிடக் கூடாது. சங்க இலக்கியத்தில் உழுவை என்றால் புலி.

ஆனால் இந்தப் போட்டியில் உழவு கிடையாது. எனவே போட்டிக்குப் பெயர் வைக்கும் முன் அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பண்ணைகளில் குதிரைகளைப் பாரமிழுக்க விட்டுப் பந்தயம் கட்டுவது பழைய வழக்கம். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் ஊர்த் திருவிழாக்களில் மாடுகளைப் பூட்டிக் கருங்கல்லை இழுக்கவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். குதிரையின் இடத்துக்கு இயந்திரம் வந்ததாக அறியப்படும் முதல் போட்டிகள் 1929-இல், மிசௌரி மாநிலத்தின் பௌலிங் கிரீனிலும் ஒஹாயோ மாநிலத்தின் வான்ஸ்வில்லிலும் நடந்தன. இன்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் பெரிய போட்டி நடக்கும் பௌலிங் கிரீன் வேறு; அது ஒஹாயோவில் இருக்கிறது. இரண்டையும் குழப்பாதவர் குறைவு.

தொடக்கத்தில் பாரம் ஏற்றிய முறை வேடிக்கையானது. தடத்தின் ஓரமாக ஆட்கள் இடைவெளிவிட்டு நிற்பார்கள். இழுபட்டு வரும் பலகை தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். போகப்போகப் பாரம் கூடும். ஓடுகிற பலகையில் மனிதர் தாவி ஏறுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு அந்த வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அதைத்தான் 'ஸ்லெட்' என்கிறார்கள். பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் மண்ணில் உரசும் இரும்புத் தட்டு, மேலே ஒரு பாரப்பெட்டி. புறப்படும்போது பெட்டி சக்கரங்களுக்கு மேலே இருக்கும், இழுக்க எளிது. ஸ்லெட்டின் சக்கரம் சுழலச் சுழலப் பெட்டி முன்னோக்கி நகரும். எடை சக்கரத்தை விட்டுத் தட்டின்மேல் இறங்கும். தட்டு மண்ணைக் கவ்வும். மொத்த எடை மாறுவதே இல்லை, அது உட்காரும் இடம்தான் மாறுகிறது. இழுப்பவனுக்கோ பாரம் ஏறிக்கொண்டே போகிறது.

இந்த ஆட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. 'டிராக்டர் இழுவைப் போட்டி' என்று எழுதினால் அது வெளியே தெரியாது. 'ஏறுநிரல்', 'ஏறுமுகம்' என்பவை போல 'ஏறுபாரம்' என்று ஒரு வினைத்தொகை அமைத்து, போட்டியை 'ஏறுபார இழுப்பு' என்கிறேன். ஏறு என்றால் காளை என்றும் பொருள் உண்டு. கல்லிழுக்கும் மாடுகளை நினைத்தால், வேண்டாமலே கிடைத்த பொருத்தம்.

இதோடு 'ஃபுல் புல்' என்ற தொடரையும் தீர்த்துவிடலாம். தமிழில் எழுதினால் மாடு மேய்வதுபோல் இருக்கிறது! தடத்தின் முழு நீளத்தையும் இழுத்து முடிப்பதே அது. அமெரிக்காவில் 300 அடி, ஐரோப்பாவில் 100 மீட்டர். 'முழுஇழுப்பு' போதும். ஒருவருக்கு மேற்பட்டோர் முழுஇழுப்பு இழுத்துவிட்டால் பாரத்தைக் கூட்டி அவர்களுக்குள் மறுபடி ஓடவிடுவார்கள்.

அடுத்தது 'கிளாஸ்'. இதை 'வகுப்பு' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது. 'பிரிவு' என்பதே சரி. மாவட்டத்துக்கு மாவட்டம் விதிகள் வேறாக இருந்த நிலையை மாற்ற, எட்டு மாநிலப் பிரதிநிதிகள் கூடி 1969-இல் அமெரிக்காவின் தேசிய டிராக்டர் புல்லர்ஸ் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஐரோப்பிய நாடுகளுக்கான பொதுக்குழு 1978-இல் வந்தது. பிரிவு என்றால் முதலில் எடைதான். ஒரு டன்னுக்கும் குறைந்த மினி ரகத்திலிருந்து ஐரோப்பாவின் 3.5 டன் பிரிவுகள் வரை, ஓட்டுநரையும் சேர்த்தே எடைமேடையில் ஏற்றுவார்கள். பல பிரிவுகளில் கொக்கி மாட்டும் உயரம் தரையிலிருந்து 20 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கொக்கி உயர்ந்தால் பின்சக்கரத்தில் அமுக்கம் கூடிப் பிடிமானம் கிடைக்கும், கூடவே முன்பக்கம் தூக்கிக் கவிழவும் பார்க்கும். கட்டு அறுந்து வண்டி தனியே பாய்ந்துவிட்டால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று ஸ்லெட்டோடு கம்பியால் பிணைத்திருக்கும்.

பிரிவுப் பெயர்களில் மொழிபெயர்ப்பவரைக் கவிழ்ப்பது 'ஸ்டாக்'. ஃபார்ம் ஸ்டாக், ப்ரோ ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் என்று வரிசையாக வரும். நமக்கு ஸ்டாக் என்றால் கையிருப்பு, அல்லது பங்குச்சந்தை. இங்கே அது ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பது. நம் மெக்கானிக் பாஷையில் 'கம்பெனி ஃபிட்டிங்'. எழுத்தில் 'ஆலைநிலை' எனலாம். ஆனால் பெயருக்கு முன்னால் அடைமொழி ஏற ஏற உண்மை குறைந்துகொண்டே போகும். ஃபார்ம் ஸ்டாக்கில் ஓடுவது ஏறக்குறைய வயலில் ஓடும் வண்டி. சூப்பர் ஸ்டாக்கிலோ உருவமும் பெயரும்தான் கம்பெனியுடையது; உள்ளே எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போக்கள் பல, தனியே கடைந்த பாகங்கள்.

இந்த இடைவெளியைக் கட்டுப்படுத்தத்தான் எஞ்சின் விதிகள். அமெரிக்கச் சங்கத்தின் சூப்பர் ஃபார்ம் பிரிவில் எஞ்சினின் சிலிண்டர் கொள்ளளவு அதிகபட்சம் 640 கன அங்குலம், அதாவது சுமார் 10.5 லிட்டர்; ஒரே டர்போ, அதன் காற்றுவாய் 3 அங்குலம். ப்ரோ ஸ்டாக்கில் 680 கன அங்குலம், ஒரே டர்போ. விதிகளிலேயே கெட்டிக்காரத்தனமானது அந்தக் காற்றுவாய் அளவு என்பேன். எவ்வளவு டீசலை உள்ளே தள்ளினாலும் அதை எரிக்கக் காற்று வேண்டும். மூக்கைப் பிடித்துவிட்டால் ஓட்டம் தானே அடங்கும். ஆனாலும் விதியால் செலவை முழுதாக நிறுத்த முடிவதில்லை. வாயைச் சுருக்கினால், அந்த வாய்வழி வரும் காற்றைக் கடைசித் துளிவரை பயன்படுத்தப் பம்ப், கேம், டர்போ இறக்கை என்று பணம் வேறு கதவு வழியாகப் போகும்.

எரிபொருளிலும் இதே கதை. சூப்பர் ஸ்டாக்கில் டீசலா மெத்தனாலா என்பது பெரிய முடிவு. மெத்தனாலில் எடைக்கு எடை டீசலின் பாதி அளவே ஆற்றல் உண்டு. எனவே இரண்டு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைப்பதால் அதிகக் காற்றழுத்தம் தாங்கும். டீசல்காரர்கள் குளிர்ச்சிக்குத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள்.

'மாடிஃபைட்' பிரிவில் ஆலைநிலை என்ற பேச்சே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் ஒஹாயோவின் கார்ல், பால் போஸ் சகோதரர்கள் பல எஞ்சின்களை ஒரே தண்டில் இணைக்கும் 'கிராஸ்பாக்ஸ்' என்ற பல்சக்கரப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் இரண்டு, மூன்று, நான்கு என்று எஞ்சின்கள் அடுக்கப்பட்டன. அப்படி ஏறியவற்றில் ஒன்று இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஆலிசன் வி-1710 விமான எஞ்சின், பன்னிரண்டு சிலிண்டர், 28 லிட்டர். ஒருகாலத்தில் கழிவுச் சரக்காகக் கிடைத்தது, இன்று பாகம் தேடி அலைய வேண்டும். சினூக் ஹெலிகாப்டரின் டி55 டர்பைனைப் பூட்டியவர்களும் உண்டு. டர்பைன் எடை குறைவு. மிச்சமாகும் எடையை இரும்புக் கட்டிகளாக்கி வேண்டிய இடத்தில் தொங்கவிடலாம். ஆனால் முடுக்கினால் சற்றுத் தாமதித்தே பாயும்.

இவ்வளவும் ஏறத்தாழப் பத்துப் பதினைந்து நொடி ஓட்டத்துக்கு. பரிசுப் பணம் பெரும்பாலும் டீசலுக்கும் லாரி வாடகைக்கும் காணாது. 'பர்ஸ்' என்று பரிசுத்தொகைக்கு ஆங்கிலத்தில் பெயர்; காலியாவது போட்டியாளரின் பர்ஸ்.

நம் நாட்டுச் சொல் ஒன்றையும் இதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். பஞ்சாபில் 'டோச்சன்' என்ற டிராக்டர்ப் போட்டி உண்டு. வண்டிகளைக் கட்டி இழுக்கும் சங்கிலிக்கான ஆங்கிலப் பெயரான 'டோ செயின்' திரிந்து வந்த சொல்லாகத் தெரிகிறது. இரண்டு டிராக்டர்களைப் பின்னோடு பின் பிணைத்து எதிரெதிராக இழுக்கவிடுவார்கள். அங்கே ஸ்லெட் இல்லை, பாரம் ஏறுவதில்லை, எதிராளியே பாரம். அதை ஏறுபார இழுப்பு என்று எழுதுவது பிழை. கயிறிழுப்பு என்ற பழைய சொல்லே பொருந்தும். 2023 அக்டோபரில் குர்தாஸ்பூர் மாவட்டத் திருவிழா ஒன்றில் டிராக்டர் சாகசம் செய்த இளைஞர் தன் வண்டியில் சிக்கியே இறந்தார். அடுத்த சில நாட்களில் டிராக்டர் சாகசங்களுக்குப் பஞ்சாப் அரசு தடை விதித்தது.