மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலையா? பூச்சியையும் கொஞ்சம் யோசிங்க

"இரும்புச்சத்து மாத்திரை தவறாமத்தான் போடுறேன் டாக்டர், ஆனா ரத்தம் ஏறவே மாட்டேங்குது." நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற கர்ப்பிணிகள் அடிக்கடி சொல்வது இது. கூட வந்த மாமியார் உடனே, "இவ எங்க ஒழுங்கா சாப்பிடுறா" என்பார். அந்தப் பெண் மேல் பழி போடுவதற்கு முன்னால் அவள் வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் உலகத்தில் சுமார் 150 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாக்குப்பூச்சி, சாட்டைப்புழு, கொக்கிப்புழு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இதில் கர்ப்பிணியை அதிகம் படுத்துவது கொக்கிப்புழு. மலம் விழுந்த மண் ஈரமாக, நிழலாக, கதகதப்பாக இருந்தால் முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் குஞ்சுப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகத் தயாராகிவிடும். உதகையின் குளிர் அதற்கு அவ்வளவாக ஒத்துவராது, ஆனால் கீழே தேவாலா, சேரம்பாடி மாதிரி மழை கொட்டுகிற, தேயிலைச் செடி மண்ணையே மூடிக்கிடக்கிற இடங்கள் அதற்கு ரொம்ப வசதி. காலில் ஏறுகிற அட்டையை எல்லோரும் உப்பு போட்டு உதிர்த்துவிடுகிறார்கள். இந்த அட்டை குடலுக்குள் இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

கொக்கிப்புழுவில் சிறிய வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 0.03 மில்லி ரத்தம்தான், இன்னொரு வகை அதைவிடப் பல மடங்கு குடிக்கும். சிறிய வகையிலேயே நூறு புழு இருந்தால் தினம் 3 மில்லி, மாதம் 90 மில்லி போய்விடும். அந்த ரத்தத்தோடு தினமும் ஒரு மில்லிகிராம் அளவுக்கு இரும்புச்சத்தும் போகிறது. கர்ப்ப காலம் முழுவதற்கும் கூடுதலாகத் தேவைப்படுவதே ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் என்னும்போது இந்த இழப்பு சின்ன விஷயமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அத்தனைக்கும் பூச்சிதான் காரணம் என்று சொல்லவில்லை, ஆனால் எளிதாகத் தீர்க்கக்கூடிய காரணத்தையே நாம் கேட்காமல் விடுகிறோம்.

"பூச்சி மாத்திரை போட்டால் கரு கலைந்துவிடும்" என்று பக்கத்து லைன் வீட்டு அக்கா சொன்னாராம், அதனால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்ததை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுகிறார்கள். முதல் மூன்று மாதம் போடக்கூடாது, அது உண்மை. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை, நன்றாக மென்று விழுங்க வேண்டும். ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் 2018இலிருந்து அரசே சொல்லும் முறை இது. மலப் பரிசோதனையில் முட்டை தெரியவில்லை என்பதற்காகப் பூச்சி இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஒரு தடவை பார்த்ததில் தப்பிவிடுவது சகஜம்.

பூச்சி மாத்திரை மட்டும் ரத்தத்தை ஏற்றாது. இரும்புச்சத்து மாத்திரையைக் கூடவே தொடர வேண்டும், அதையும் டீயோடு விழுங்கக்கூடாது. நம் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் டீ இரும்பைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும், மாத்திரைக்கும் டீக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மண், சாம்பல், பச்சரிசி தின்ன ஆசை வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், ரத்தசோகை இருப்பவர்களுக்கு அது வரும், மண்ணோடு நாக்குப்பூச்சி முட்டையும் வயிற்றுக்குள் போகும்.

அப்புறம், பணியர், இருளர், குறும்பர் வீட்டுப் பெண்கள் என்றால் பரம்பரையாக வந்து ரத்தசோகை உண்டாக்கும் அரிவாள் செல் நோய்க்கான பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பது 1952லேயே பதிவாகியிருக்கிறது.

செருப்பு போடு என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். போட்டாலும், பறிக்கிற காட்டுக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்காரி செடி மறைவில்தான் ஒதுங்குவாள், நாளைக்கு அதே மண்ணில்தான் இன்னொருத்தி கால் வைப்பாள். தோட்டத்தில் கழிப்பறை கட்டித்தர வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது, அதனால் சங்கத்துக்காரர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் கூலியோடு சேர்த்து இதையும் எழுத்தில் கேளுங்கள்.