கொல்லைக் குழாயின் உள்ளே

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அடுப்படிச் சுவருக்கு வெளியே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் தண்ணீர் பாய்ச்சுவது அதில்தான். காவடிக்கு முன்னால் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்ப்பதும், இறுதிச் சடங்குக்குப் போய்வந்தவர்கள் வாசல் ஏறுமுன் கைகால் கழுவுவதும் அங்கேதான். அது சொட்ட ஆரம்பித்தால் முதலில் நாம் செய்வது, இன்னும் கொஞ்சம் இறுக்கித் திருகுவது. குழாய் சீக்கிரம் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் அந்த இறுக்கம்தான்.

திருகு குழாயின் உள்ளே, தண்ணீர் ஏறிவரும் வழியில் ஒரு வட்டத் துளை இருக்கிறது. துளையின் வாய் வழவழப்பாகக் கடைந்த பித்தளை விளிம்பு. கைப்பிடியைத் திருகினால் ஒரு தண்டு கீழே இறங்கி, அதன் நுனியில் உள்ள ரப்பர் வாஷரை அந்த விளிம்பின்மேல் அழுத்துகிறது, தண்ணீர் நின்றுவிடுகிறது. இதற்கு எவ்வளவு விசை வேண்டும்? துளை 12 மி.மீ. அகலம் என்றால் அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரைவிடச் சற்று அதிகம். மாநகராட்சித் தண்ணீர் 4 பார் அழுத்தத்தில் வந்தால் (ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ), அது வாஷரைத் தள்ளும் விசை நாலரை கிலோ எடைக்குச் சமம். அவ்வளவுதான். ஆனால் தண்டில் உள்ள மரை நம் கைவிசையைப் பல மடங்கு பெருக்கிக் கொடுக்கிறது. உராய்வில் போவதைக் கழித்தாலும் பத்து மடங்கு என்பது சாதாரணம். ஐந்து கிலோ விசையில் திருகினால் ரப்பர்மேல் ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் விழும். பித்தளை விளிம்பு ரப்பரில் பள்ளம் பதிக்கும். அடுத்த முறை மூடும்போது வாஷர் துளி விலகி உட்கார்ந்தால் அந்தப் பள்ளத்தின் வழியே கசிவு. உடனே இன்னும் இறுக்கம், இன்னும் ஆழமான பள்ளம்.

இதைவிட மோசமானது பிறகு நடப்பது. மயிரிழை இடைவெளியில் அழுத்தத்தோடு பீறிடும் தண்ணீர் மிக வேகமாகப் போகும். மாதக்கணக்கில் அப்படிப் போனால் பித்தளை விளிம்பையே அரித்துவிடும். அதற்கப்புறம் எத்தனை புது வாஷர் போட்டாலும் நிற்காது. விளிம்பை மறுபடி கடைய ஒரு சிறு கருவி உண்டு. இல்லையென்றால் குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

ஆகவே குழாய் கடைக்குப் போகுமுன் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். மூடிய பிறகும் வாயில் சொட்டினால் வாஷர் அல்லது விளிம்பு. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடிக்கு அடியில் நீர் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்ந்திருக்கிறது. அங்கிருக்கும் நட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுவரோரம் ஈரம் என்றால் குழாயும் பைப்பும் சேரும் மரைதான் காரணம். வாஷருக்கும் தண்டின் அடைப்புக்கும் சில ராண்டுகள் போதும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், திருகு குழாயா, நெம்புகோல் கைப்பிடி வைத்த பந்து வால்வுக் குழாயா? பந்து வால்வின் உள்ளே துளையிட்ட ஓர் உலோக உருண்டை இருக்கிறது. கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் துளை தண்ணீருக்கு நேராக வரும். மறுபடி திருப்பினால் குறுக்கே நிற்கும். ரப்பரை நசுக்கும் வேலையே இல்லை. உருண்டையைப் பிடித்திருப்பது வழுக்கும் டெஃப்லான் வளையங்கள். விரல் வலி உள்ள பெரியவர்களுக்கு இதுதான் நல்லது. ஆனால் சட்டென்று மூடிவிடலாம் என்பதே இதன் குறையும்கூட. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடும்போது, 15 மி.மீ. உட்துளையுள்ள பைப்பில் தண்ணீரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர். ஓடிவரும் அந்த நீர்த்தூணை ஒரே கணத்தில் நிறுத்தினால் அதன் உந்தம் முழுவதும் அழுத்த அலையாக மாறிப் பைப்புக்குள் பாய்கிறது. எவ்வளவு அழுத்தம் என்பதற்கான கணக்கை ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி 1898-இல் வெளியிட்டார்: செம்பு பைப்பில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் திடீரென்று நின்றால் 12 பார் அளவுக்கு அழுத்தம் எகிறும். நம் கை அவ்வளவு வேகமாக மூடுவதில்லை, ஆகவே முழு அடியும் விழாது. ஆனாலும் சுவருக்குள் ‘டொக்’ என்று கேட்கிறதே, அது இதுதான். நான் பந்து வால்வையே சொல்வேன், மெதுவாக மூடும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தால்.

எதில் செய்தது என்பது அடுத்த கேள்வி. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. சில வகைத் தண்ணீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பாக, துளைகள் நிறைந்து, பலமில்லாத செம்பு. இதைத் தாங்கும்படி செய்த பித்தளையில் டி.இசட்.ஆர். என்று குறித்திருப்பார்கள். மெர்பேங்க் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று குரோம் பூச்சைப் புள்ளி புள்ளியாக அரிக்கும், ஆகவே பளபளப்புக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். கோழி எருவும் யூரியாவும் அடுக்கும் மூலையில் குழாய் இருந்தால் இன்னொரு ஆபத்து, அமோனியா. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே கீறல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். எரு மூட்டையைக் குழாய்க்கடியில் வைக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் பித்தளைக்கு இன்னொரு எதிரி, பழைய இரும்புக் கடைக்கு விற்பதற்காகக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள். அதனால்தான் இவ்வளவு வீடுகளில் பிளாஸ்டிக் குழாய். குறைசொல்ல ஒன்றுமில்லை, வெயிலைத் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கினால் போதும். புறஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளை அறுத்து அதை நொறுங்கச் செய்யும். கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அந்தக் கதிரைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். ஹோஸின் நுனி எங்கே கிடக்கிறது?

பூச்சிமருந்து கலக்க ஒரு வாளி, அதில் ஹோஸின் நுனி முங்கிக் கிடக்கிறது, குழாய் திறந்திருக்கிறது. அந்த நேரம் கீழ்த்தெருவில் பெரிய குழாய் உடைகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் எல்லாம் ஏற்ற இறக்கமான இடங்கள். உடைந்த இடத்தை நோக்கி மேட்டிலுள்ள பைப்புகளின் தண்ணீர் இறங்கி ஓடும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. ஸ்ட்ராவில் இளநீர் ஏறுவதுபோல, வாளியிலுள்ள மருந்துத் தண்ணீர் ஹோஸ் வழியாகக் குடிநீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். காற்றழுத்தம் கொள்கையளவில் தண்ணீரைப் பத்து மீட்டர் வரை தூக்கும், வாளியிலிருந்து குழாய்க்கு ஒரு மீட்டர்தான். தண்ணீர் திரும்ப வரும்போது அந்த மருந்து யார் வீட்டு டம்ளரில் விழும் என்று சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்த வட்டாரம் மாதக்கணக்கில் தண்ணீரின்றித் தவித்தது. தண்ணீர் வருவதும் போவதுமாக இருக்கும் ஊரில் இது எட்டாத ஆபத்து இல்லை.

தடுக்கும் வழி எளிது. குழாய்க்கும் ஹோஸுக்கும் நடுவில் திருகும் சிறு பித்தளைத் துண்டு ஒன்று கிடைக்கிறது. உள்ளே வெற்றிடம் உண்டானதும் அது பக்கத்துத் துளைகளைத் திறந்து காற்றை உள்ளே விட்டுவிடும். காற்று புகுந்தால் உறிஞ்சல் அறுந்துபோகும். அது இல்லாவிட்டால் ஹோஸை வாளிக்குள் போடாமல் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் தொட்டியின் மழைத்தண்ணீரையும் மாநகராட்சித் தண்ணீரையும் ஒரே பைப்பில் இணைத்துவைப்பதும் இதே தவறுதான்.

சரி, மாற்றும் வேலை. அரை அங்குலக் குழாய் என்று கேட்டு வாங்குவோம், ஆனால் அளந்தால் மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. இருக்கும். அரை அங்குலம் என்பது பழங்கால இரும்பு பைப்பின் உட்துளை அளவு. முக்கால் அங்குல மரையோ 26.4 மி.மீ. அளவை நம்பி முக்கால் என்று கேட்டால் பொருந்தாது; பழைய குழாயையே கடைக்கு எடுத்துப்போவது நல்லது.

மீட்டர் பக்கத்தில், வீட்டுக்கு வரும் தண்ணீரையே நிறுத்தும் ஸ்டாப்காக்கை மூடி, கொல்லைக் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு ஸ்பேனரால் சுவரிலுள்ள பைப்பின் முழங்கை வளைவை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் குழாயை இடஞ்சுழியாகக் கழற்றுங்கள். பிடிக்கும் ஸ்பேனரை விட்டுவிட்டால் சுவருக்குள் பைப் முறுக்கிக்கொள்ளும். 1960-களில் எழுந்த சாட்ஸ்வொர்த் வீடுகள் போன்ற பழைய கட்டடங்களில் துத்தநாகம் பூசிய இரும்பு பைப் இருக்கக்கூடும். பித்தளை சேரும் இடத்தில் அந்த இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். அசைத்ததும் பொடிந்து உதிர்ந்தால் நிறுத்திவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள், மரை சுவருக்குள் உடைந்துவிட்டால் சுவரை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

புதுக் குழாயின் மரையைத் துடைத்து, நுனியைப் பார்த்தபடி வலஞ்சுழியாக டெஃப்லான் டேப்பை எட்டு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது பிரிந்து வந்துவிடும். கையால் முடிந்தவரை திருகி, மிச்சத்தை ஸ்பேனரால். குழாய் வாய் நேராக வரவில்லையே என்று கொஞ்சம் பின்னோக்கித் திருப்பாதீர்கள், டேப் கிழிந்து அங்கே கசியும். கழற்றி, டேப்பைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி செய்யுங்கள்.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவை ஒட்டிய லெனேசியா, லாடியம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. ஜூன், ஜூலை இரவுகளில் அங்கே உறைபனி விழும். உறையும் தண்ணீர் ஒன்பது சதவீதம் விரியும். குளிர்காலத்தில் ஹோஸைக் கழற்றிவைத்து, வெளியில் தெரியும் பைப்புக்கு நுரை உறை போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டாப்காக்கை மெதுவாகத் திறந்து, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். கீசரோ கழிப்பறைத் தொட்டியோ நிரம்பும்வரை அது சுற்றலாம். அரைமணி கழித்தும் நகர்ந்துகொண்டிருந்தால் எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. புது மரையை முதலில் தடவிப் பாருங்கள்.