ஆசிரியம்: மாஸ்டரும் மாஜிஸ்திரேட்டும்

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எங்கள் உறவினர் வீடு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு மேசையில் எப்போதும் இரண்டு வேதப்புத்தகங்கள் இருக்கும். ஒன்று சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை என்னும் புரொட்டஸ்டண்ட் சபை) குடும்பத்திலிருந்து வந்த மருமகளுடைய பரிசுத்த வேதாகமம், 66 நூல்கள். மற்றது மாமனாருடைய திருவிவிலியம், 73 நூல்கள். அவர் மலங்கரைக் கத்தோலிக்கர், கேரளத்தில் வேர் கொண்ட கத்தோலிக்கப் பிரிவைச் சேர்ந்தவர். சிறு வயதில் வேதபாடம் படித்தது மலையாளத்தில்.

ஒருநாள் இரவு ஜெபம் முடிந்ததும் பேச்சு பேதுருவின் இரண்டாம் கடிதத்தில், 1:20 என்ற வசனத்தில் வந்து நின்றது. மருமகள் வாசித்தாள். வேதத்திலுள்ள எந்தத் தீர்க்கதரிசனமும் “சுயதோற்றமான பொருளையுடையதாயிராது” என்று இருந்தது. “தீர்க்கதரிசி தன் மனதிலிருந்து உண்டாக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதானே மாமா” என்றாள். மாமனார் தம் புத்தகத்தைத் திறந்தார். அங்கே அதே வசனம், யாரும் தனிப்பட்ட முறையில் விளக்கம் சொல்லிவிட முடியாது என்ற பொருளில் இருந்தது. “அதற்குத்தான் மக்களே, சபைக்குப் பிரபோதனாதிகாரம் இருக்கிறது” என்றார். வேதத்துக்கு இதுதான் பொருள் என்று கற்பித்துத் தீர்ப்பும் சொல்லும் உரிமைக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று மருமகள் என்னிடம் கேட்டாள். “ஆசிரியம்” என்றேன். சொன்ன உடனேயே, மாமனார் சொன்னதில் பாதி என் சொல்லில் இல்லை என்று பட்டது.

கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல் எபிலூசிஸ். அவிழ்த்தல் என்பது அதன் வேர்ப்பொருள். முடிச்சை அவிழ்ப்பதுபோலப் பொருளை அவிழ்ப்பது. அவிழ்ப்பவர் எழுதிய தீர்க்கதரிசியா, படிக்கும் நாமா என்பதை வாக்கியம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. மருமகளின் மொழிபெயர்ப்பு முதலாவதை எடுத்துக்கொண்டது, மாமனாருடையது இரண்டாவதை. இருவருமே தத்தம் புத்தகத்தை நேர்மையாகத்தான் வாசித்தார்கள்.

இப்போது சொல்லுக்கு வருவோம். கத்தோலிக்கத் தமிழ் எழுத்துகளில் திருச்சபையின் ஆசிரியம் என்று வருவது இலத்தீனின் மஜிஸ்தேரியம். மகிஸ்தெர் என்றால் ஆசான், தலைவன். மிகுதி என்னும் பொருளுள்ள மகிஸ் என்பதிலிருந்து பிறந்த சொல். மற்றவரைவிட மேலே நிற்பவன். இந்த வேரிலிருந்து நம் அன்றாடத் தமிழுக்கு இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒன்று. நீதிமன்றத்து மாஜிஸ்திரேட் மற்றொன்று. மாஸ்டர் சொல்லிக்கொடுக்கிறார். மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொல்கிறார். மஜிஸ்தேரியம் என்ற இலத்தீன் சொல்லுக்குள் இவர்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் ‘ஆசிரியம்’ மாஸ்டரை மட்டும் உள்ளே விட்டது.

அதற்குக் காரணம் நம் மரபிலேயே இருக்கிறது. ஆசிரியர் என்பது ஆசார்ய என்ற வடசொல்லின் வழி வந்தது. இலக்கணத்தில் ஆசிரியம் என்றால் அகவற்பா. தமிழ் படித்தவர் காதில் முதலில் விழுவது அதுதான். நூலுக்கு உரை எழுதும் ஆசிரியர்களுக்கோ நம்மிடம் தீர்ப்பு அதிகாரம் இருந்ததில்லை. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள். பரிமேலழகர் உரை முன்னுக்கு வந்தது அதன் நுட்பத்தால். எந்தச் சங்கமும் கூடி மற்ற ஒன்பதையும் செல்லாது என்று அறிவிக்கவில்லை. தொல்காப்பியத்தில் இளம்பூரணரை மறுத்துச் சேனாவரையர் எழுதுகிறார். இருவரையும் இன்றும் படிக்கிறோம். இப்படிப்பட்ட மண்ணில் ‘ஆசிரியம்’ என்று கேட்பவருக்குக் கற்பித்தல் புரிகிறது, கட்டுப்படுத்தும் உரிமை புரிவதில்லை.

ஆனால் கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டண்டினருக்கும் இடையே வழக்கே அந்த உரிமையைப் பற்றியதுதான். 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நின்ற மார்ட்டின் லூதர், புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கியவர், வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தவறு என்று காட்டினாலன்றிப் பின்வாங்க மாட்டேன் என்றார். போப்புகளும், பிஷப்புகள் கூடி முடிவெடுக்கும் திருச்சபைச் சங்கங்களும் தவறியது உண்டு என்றார். 1546 ஏப்ரல் 8 அன்று திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம் பதில் சொன்னது: எழுதப்பட்ட வேதத்தையும் அப்போஸ்தலர் வழி வந்த மரபுகளையும் சமமான பக்தியோடு ஏற்கிறோம், வேதத்தின் உண்மைப் பொருள் எது என்று தீர்ப்பிடுவது திருச்சபைக்கு உரியது. தீர்ப்பிடுவது என்பதைக் கவனியுங்கள். மாஜிஸ்திரேட் அங்கேதான் இருக்கிறார்.

மஜிஸ்தேரியம் என்ற சொல் எப்போதும் ஆயர்களை (பிஷப்புகளை) மட்டும் குறித்ததில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இரண்டு நாற்காலிகளைப் பிரித்துச் சொன்னார்: மேய்ப்பருடைய நாற்காலி, பேராசிரியருடைய நாற்காலி. இரண்டிலும் மஜிஸ்தேரியம் உண்டு. போப்பும் ஆயர்களுமே மஜிஸ்தேரியம் என்ற இன்றைய வழக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் இறுகியது.

இரு தரப்பைப் பற்றியும் எங்கள் ஊர்ப் பக்கம் தவறான பேச்சு உண்டு. அது எனக்கு வருத்தம் தருகிறது. போப் வேதத்துக்கு மேலே என்று கத்தோலிக்கர் நம்புவதாகச் சொல்கிறார்கள். இறைவார்த்தைக்கு மேலானது அல்ல ஆசிரியம், அதற்குப் பணி செய்வது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதியே வைத்திருக்கிறது. சிஎஸ்ஐக்காரர் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள் என்பது மறுபக்கத்துப் பேச்சு. அவர்களுக்கும் விசுவாசப் பிரமாணம் உண்டு, சபையை நடத்தும் சினாட் என்ற பேரவை உண்டு, போதகர் உண்டு. அவை எல்லாவற்றையும் வேதத்தின் கீழ் வைக்கிறார்கள். வேதத்தை வேதமே விளக்கும் என்கிறார்கள்.

சரியான தமிழ்ச் சொல் எது? மலையாளத்தார் பிரபோதனம் என்பதோடு அதிகாரம் என்பதைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். கேரள எல்லையில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ‘ஆசிரிய அதிகாரம்’ என்று எழுதுவதே நேர்மை என்பேன். ‘போதக அதிகாரம்’ வேண்டாம். இங்கே போதகர் என்றால் சிஎஸ்ஐ ஐயரைத்தான் நினைப்பார்கள். வெறும் ‘அதிகாரம்’ என்று சுருக்கவும் வேண்டாம். வேதப்புத்தகத்தின் பிரிவுக்கும் அதுவே பெயர்.

மறுநாள் காலை மேசையில் இரண்டு புத்தகங்களிலும் காகிதத் துண்டு செருகியிருந்தது. மருமகளுடையது அடுத்த வசனத்தில்: தேவனுடைய மனுஷர்கள் பரிசுத்த ஆவியால் ஏவப்பட்டுப் பேசினார்கள் என்ற இடம். மாமனாருடையது அதே கடிதத்தின் 3:16இல்: பவுல் எழுதியவற்றில் அறிவதற்கு அரிதானவை சில உண்டு, கல்லாதவர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள் என்று பேதுரு சொல்லும் இடம்.