டிசெக்ஷன் ஹோல் காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம்

கொழும்பில் மருத்துவ பீடத்தின் டிசெக்ஷன் ஹோலுக்குள், அதாவது இறந்த உடலை அறுத்துப் படிக்கும் கூடத்துக்குள், புதிதாகக் காலடி வைக்கும் பிள்ளைகளுக்குச் சீனியர்மார் சொல்லும் ஆறுதல், "ரெண்டு கிழமையில பழகிப்போயிடும்" என்பதுதான். பழகுவது மூக்கு மட்டும். உடலைப் பதப்படுத்தும் போர்மலின் கரைசலின் மணத்தை மூக்கு கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அதிலிருந்து காற்றில் கலந்த போர்மல்டிஹைட் வாயு குறைந்திருக்காது. அது எவ்வளவு என்று அளந்துதான் சொல்ல முடியும். அரச பல்கலைக்கழகம் அதை அளந்ததா என்று கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் வழிவிடுகிறது.

கேட்க வேண்டிய விஷயம்தான். அக்குளில் ஒரு நரம்பைத் துப்புரவாக்கிப் பிரித்தெடுக்கும்போது முகம் உடலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஹோலின் நடுவில் நிற்பவரைவிடக் குனிந்திருப்பவருக்கு ஆவி கூடுதலாகப் போகும். கண் எரிவு, தொண்டைக் கரகரப்பு, தோல் ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு: இவை உடனடிப் பாதிப்புகள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் போர்மல்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. அதற்கான சான்றுகள் ஆண்டுக்கணக்காக அதோடு வேலை செய்த தொழிலாளரிடமிருந்து வந்தவை என்பதையும் சொல்லவேண்டும். சில மாதம் டிசெக்ஷன் செய்தவர் பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் அதே ஹோலில் வருடக்கணக்காக வேலை பார்க்கும் ஆய்வுகூட உதவியாளரை யாரும் நினைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் உள்ளகக் காற்றுக்குச் சொல்லும் எல்லை, 30 நிமிடச் சராசரியாக ஒரு கனமீற்றரில் 0.1 மில்லிகிராம். நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலையில் வேலை செய்வோருக்காக எழுதப்பட்டது. மாணவர் தொழிலாளி அல்லர். அதனால்தான் தகவல் சட்டத்தைப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது? பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. "ஹோல் பாதுகாப்பானதா?" என்று கேட்காதீர்கள், "ஆம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: கடைசியாகக் காற்றை அளந்த அறிக்கை, உடலைப் பதப்படுத்தும் கரைசலின் பாதுகாப்புத் தரவுத்தாள் (அதில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் தாள்), காற்றை வெளியேற்றும் விசிறிகளின் பராமரிப்புப் பதிவு. கையில் இல்லாத தகவலை உருவாக்கித் தரும்படி சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. அப்படியானாலும் "அளக்கப்படவில்லை" என்று எழுத்தில் வந்தால் அதுவே பெரிய பதில். மாணவர் சங்கம் அதைப் பீடாதிபதியின் மேசையில் வைத்துப் பேசலாம்.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதற்கான சீட்டைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள், பல்கலைக்கழகத்தில் மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்கவேண்டும். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாதல்லவா? சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைப்பதுதான் அதைவிடப் பிழை. கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், கிழிந்தால் உடனே மாற்றுங்கள். கொண்டாக்ட் லென்ஸ் வேண்டாம். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றுப் பார்சலைப் பிரிக்காதீர்கள். ஆஸ்துமா இருந்தால், பாடம் தொடங்குவதற்கு முன்பே பல்கலைக்கழக வைத்திய அதிகாரிக்கு எழுத்தில் அறிவித்து, யன்னலோர மேசையைக் கேளுங்கள். வாயால் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது.